14 அடி அலுமினியப் படகும் அதன் ட்ரெய்லரும்: பழுதுபார்ப்பை எங்கிருந்து தொடங்குவது?

சிம்கோக் கரையான்:

உறவுகளுக்கு வணக்கம். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்கு அருகில் வசிக்கிறேன். 14 அடி நீளமான, ரிவெட் (தட்டி மடக்கும் ஆணி) அடித்துப் பொருத்திய பழைய அலுமினியப் படகு ஒன்றை அதன் ட்ரெய்லரோடு சேர்த்து வாங்கியிருக்கிறேன். அது பல ஆண்டுகளாக ஒரு வீட்டின் பின்வளவில், மேலே ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல், மழையிலும் பனியிலும் கிடந்திருக்கிறது. இரண்டு பேர் பாதுகாப்பாகச் சென்று பேர்ச், பாஸ் மீன்களைப் பிடித்துத் திரும்பக்கூடிய படகாக அதை ஆக்க விரும்புகிறேன். 9.9 குதிரைவலு மோட்டர் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். மோட்டரைத் தாங்கும் பின்பலகையில் திருப்புளியை வைத்து விரலால் அழுத்தினாலே அது பிடிவரை உள்ளே இறங்குகிறது. வெளியே எடுத்தால் தேயிலைச் சக்கை போலக் கறுத்த, ஈரமான மரத்தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. அடித்தகட்டின் உட்புறத்தில், நடு இருக்கைக்குக் கீழே, ஒழுக்கை அடைக்க யாரோ சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். இருக்கைகளுக்குள் இருக்கும் மிதவை நுரை கனமாகத் தெரிகிறது. ட்ரெய்லரின் சட்டம் மேற்பரப்பில் மட்டும் துருப்பிடித்திருக்கிறது. ஆனால் படகு அமரும் பலகைகள் இரண்டும் உளுத்துப்போயுள்ளன, விளக்குகளில் ஒன்றுமட்டுமே எரிகிறது.

முதலில் பின்பலகையா, ஒழுக்கா, ட்ரெய்லரா? எதை முடித்துவிட்டு எதற்குப் போவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அணியம்:

வணக்கம் தம்பி. இத்தகைய படகுகளைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் என் பதில் ஒன்றுதான்: ட்ரெய்லரில் தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறார்கள், கடைசியில் பணமும் பொறுமையும் தீர்ந்துவிடுவதால் இரண்டு விளக்கை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் பலனைப் படகுதான் அனுபவிக்கிறது.

ஏரியில் ஓடும் சிறிய படகு தன் வாழ்நாளின் மிகப்பெரும் பகுதியை ட்ரெய்லரில்தான் கழிக்கிறது. நீரில் மிதக்கும்போது அடிப்பகுதி முழுவதையும் நீர் சமமாகத் தாங்குகிறது. ட்ரெய்லரில் அதே பாரம் சில அங்குல அகலமுள்ள இரண்டு பலகைகள் மீதும் ஓரிரு உருளைகள் மீதும் இறங்குகிறது. அதுவும் நின்ற இடத்தில் நிற்கும் பாரம் அல்ல. வீதியில் ஒவ்வொரு குழியிலும் அது பலமடங்காகி ரிவெட் வரிசைகளை அடிக்கிறது. மெல்லிய தகட்டுப் படகுகளில் ரிவெட்டுகள் இளகுவதற்கு ஏரியின் அலைகளை விட ட்ரெய்லரே பெரிய காரணம் என்பது நான் பார்த்த படகுகளிலிருந்து எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

ஆகவே ஒரு ரிவெட்டையோ புதிய பின்பலகையையோ தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்: படகு அமரும் அந்த நீளப் பலகைகள் எங்கே முடிகின்றன? அவை அமரத்தின் (படகின் பின்பகுதியின்) கடைசி விளிம்புவரை, அதாவது பின்தகட்டுக்கு நேர்கீழே வரை, வந்திருக்க வேண்டும். மோட்டர் பின்பலகையில் தொங்குகிறது. பலகை அதற்கு முன்னரே முடிந்துவிட்டால், மோட்டரின் பாரம் முழுவதும் தாங்கலில்லாத தகட்டைக் கீழ்நோக்கி இழுக்கும். காலப்போக்கில் பலகை முடிந்த இடத்தில் அடித்தகடு மடிந்து ஒரு வளைவு விழுந்துவிடும். அந்த வளைவு விழுந்த படகு ஓடும்போது அணியத்தை (முன்பகுதியை) தாழ்த்தி, நீரை உழுதுகொண்டு போகும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். நேரான நீளக் கம்பி ஒன்றை அமரத்திலிருந்து முன்னோக்கி அடித்தகட்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள்.

சிம்கோக் கரையான்:

அண்ணா, நீங்கள் கேட்டபடி பார்த்தேன். பலகைகள் அமரத்துக்கு ஒரு சாண் முன்னதாகவே முடிகின்றன. கம்பியை வைத்தபோது பலகையின் முனைக்கு நேரே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி தெரிகிறது. வியப்பு என்னவென்றால், சிலிக்கன் பூசிய பகுதிகளில் ஒன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது.

புதிய பலகைக்கு எந்த மரம் நல்லது? கடையில் பதனிட்ட மரம்தான் உளுக்காது என்று சொல்கிறார்கள்.

அணியம்:

கால் அங்குலத்துக்குக் குறைவான வளைவு என்றால் இந்த அளவு மோட்டருக்குப் பெரிதாகத் தெரியாது. இனிக் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுத்தியலால் அடித்து நிமிர்த்த முயலாதீர்கள். அங்கே தகடு ஏற்கெனவே ஒருமுறை மடிந்து களைத்திருக்கிறது.

பதனிட்ட மரம் தொடர்பாகத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வட அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு ஆர்செனிக் கலந்த பதனிடலை 2003ஆம் ஆண்டு முடிவோடு கைவிட்டார்கள். அதன்பின் வந்த பதனிடல்களில் செம்பின் அளவு அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். படகின் பாரத்தில் அழுந்தி, நனைந்த கம்பளம் இடையில் இருக்கும் பலகையில் அந்த மூன்றும் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. சில ஆண்டுகளில் தகட்டில் ஊசித்துளைகள் விழுந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பதனிடாத சாதாரண மரத்தை, இயன்றால் சீடார் மரத்தை, வாங்கி எல்லாப் பக்கங்களிலும் எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்துப் பொருத்துங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டி வரும். பலகையின் விலைக்கும் அடித்தகட்டின் விலைக்கும் ஒப்பீடே இல்லை. கம்பளத்தைத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளால், பலகையின் பக்கவாட்டிலும் கீழ்ப்புறத்திலும் மட்டும் அடியுங்கள். மேற்புறத்தில் ஓர் ஊசிகூட இருக்கக்கூடாது. பலகையைத் தாங்கிகளோடு இணைக்கும் போல்ட்டுகளின் தலைகளும் மரத்துக்குள் ஆழமாக அமிழ்ந்திருக்க வேண்டும்.

பலகைகளை அடித்தகட்டின் நீள விலாக்களுக்கு அருகில் வருமாறு நகர்த்தி அமையுங்கள். விலாக்களுக்கு நடுவே வெறும் தகட்டில் பாரம் இறங்கக்கூடாது. ஏராவின் (அடியின் நடுவே ஓடும் முதுகெலும்பின்) கீழ் வரும் உருளை அணியத்தை வழிகாட்டத்தான். பாரத்தைப் பலகைகளே சுமக்க வேண்டும்.

அடுத்தது சக்கரங்கள். ஹப்பின் (சக்கரத்தின் மையக் கூட்டின்) மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கிறீஸின் நிறத்தைப் பாருங்கள்.

சிம்கோக் கரையான்:

ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறது. மற்றப் பக்கத்தில் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், விரலில் எடுத்தால் நீர்த்துளி பிரிகிறது.

அணியம்:

அப்படியானால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் போயிருக்கிறது. பெயரிங்குகளையும், நீரைத் தடுக்கும் சீல் வளையத்தையும் முழுமையாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மாற்றும்போது மற்றதையும் மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். வந்தவுடன் அதைக் குளிர்ந்த ஏரிநீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, பின்புறச் சீல் வழியாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே இறங்குதுறைக்கு வந்ததும் முதலில் பொருட்களை ஏற்றுங்கள், கட்டுகளை அவிழுங்கள், ஹப் ஆறட்டும், அதன்பிறகு இறக்குங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தால் கிறீஸைச் சற்று அழுத்தத்திலேயே வைத்திருக்கும் மூடிகள் கிடைக்கின்றன, அவற்றையும் போடலாம். ஆனால் கிறீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மீறி அடைத்தால் பின்புறச் சீல் பிதுங்கி வெளியேறிவிடும்.

புதிய பெயரிங்கை அமைக்கும்போது உருளைகளுக்கு இடையில் கடல்சார் கிறீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பெயரிங் சரியாக அமர்ந்ததும் நட்டைத் தளர்த்தி, மீண்டும் விரலால் மட்டும் இறுக்கி, பிளவூசியைப் போடுங்கள். சாவியால் இறுக்கிய நிலையில் விட்டால் பெயரிங் கருகிவிடும்.

ரயர்களில் நான்கு இலக்கத் திகதிக் குறியீடு இருக்கும்; முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் நின்ற ரயரின் பூ (வீதியில் படும் வரிப்பள்ளங்கள்) தேய்ந்திருக்காது. பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேசாலைக் கடல்:

வணக்கம். நான் மன்னார்க் கரையில் கண்ணாடியிழைப் படகுகளின் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். எங்களுடையவை 18 முதல் 23 அடி வரையிலானவை. அவற்றுக்கு ட்ரெய்லர் இல்லை, மணலில் ஆட்கள் சேர்ந்து தள்ளி ஏற்றுவார்கள். ஆகவே ட்ரெய்லர் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பின்பலகை பற்றி மட்டும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த நோய் இரண்டு வகைப் படகுகளுக்கும் ஒன்றுதான்.

மரம் உளுப்பது மேலிருந்து விழும் மழையால் மட்டும் அல்ல. பெரும்பாலும் போல்ட் துளைகள் வழியாகத்தான் நீர் நுழைகிறது. மோட்டர் அதிரும்போது ஒவ்வொரு துளையிலும் பசை விட்டுப்போய், மயிரிழை அளவு வழி திறக்கிறது. உள்ளே போன நீருக்கு வெளியே வர வழியில்லாததால் மரம் உள்ளிருந்து அழுகுகிறது. வெளியே பார்த்தால் பலகை புதிதாகவே இருக்கும். இதைத் தடுக்க ஒரு முறை இருக்கிறது. வேண்டிய அளவை விடப் பெரிதாகத் துளையிட்டு, அதை எபொக்சியால் முழுமையாக நிரப்பி, இறுகிய பின்னர் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றியிருப்பது மரம் அல்ல, எபொக்சிக் குழாய். பசை விட்டுப்போனாலும் நீர் மரத்தைத் தொடமுடியாது. இது நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் இதைச் செய்த பலகையும் செய்யாத பலகையும் சில பருவங்களுக்குப் பின் எப்படி இருக்கின்றன என்பதை இரண்டையும் கழற்றிப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

சிம்கோக் கரையான்:

மிக்க நன்றி ஐயா. பழைய பின்பலகையைக் கழற்றிவிட்டேன். மூலைத் தகடுகளின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்ததும் பலகை மூன்று துண்டாக வந்தது. ஓரளவு வடிவம் மிஞ்சியிருந்ததால் அதைக் காகித அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டேன். மரம் ஒட்டியிருந்த அலுமினியத் தகட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பொடி படிந்து, அதைச் சுரண்டியதும் சிறு குழிகள் தெரிகின்றன. எதுவும் மறுபக்கம் வரை போகவில்லை.

அணியம்:

பேசாலை ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். எழுத நினைத்திருந்ததை என்னை விடத் தெளிவாகவே எழுதிவிட்டார்.

முக்கால் அங்குலப் பிளைவூட் இரண்டை எபொக்சியால் ஒட்டினால் ஒன்றரை அங்குலத் தடிப்பு வரும். இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் அதுதான் இருந்திருக்கும், ஆயினும் பழைய பலகை நனையாத ஓரத்தில் அளந்து உறுதிப்படுத்துங்கள். கடல்சார் பிளைவூட் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், நீர்தாங்கும் பசையால் ஒட்டிய, உள்ளடுக்குகளில் வெற்றிடம் இல்லாத வெளிப்பயன்பாட்டுப் பிளைவூட் போதும். பதனிட்ட பிளைவூட் வேண்டவே வேண்டாம். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். மரமே வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கை நுரைப்பலகைகள் இருக்கின்றன, விலை பலமடங்கு.

வெட்டிய ஓரங்கள்தான் நீரைக் குடிக்கும் வாய்கள். அவற்றுக்கு எபொக்சியைப் பூசி, மரம் உறிஞ்சியதும் மீண்டும் பூசி, இனி உறிஞ்சாது என்ற நிலைவரை தொடருங்கள். தகட்டின் குழிகளை நன்றாகச் சுத்தம் செய்து எபொக்சிக் களியால் நிரப்பலாம். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் காப்புப் பசை தடவுங்கள். இறுதியாக, பலகையின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்: குட்டைத் தண்டு மோட்டருக்கு 15 அங்குலமும் நீளத் தண்டுக்கு 20 அங்குலமும் என்பதே வழமையான கணக்கு.

தெற்குக் காற்று:

வணக்கம். மெல்பேர்ணிலிருந்து எழுதுகிறேன். இங்கே இவ்வகைப் படகுகளை டின்னி என்று அழைப்பார்கள். வீட்டுக்கு வீடு ஒன்று ட்ரெய்லரில் நிற்கும். ரிவெட் ஒழுக்குக்கு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? ஓர் அலுமினிய வெல்டரிடம் கொடுத்தால் ஒரே நாளில் எல்லா ரிவெட் தலைகளையும் மூடி வெல்ட் செய்துவிடுவார். என் நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அணியம்:

இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை, தெற்குக் காற்று. வெல்ட் செய்வதற்கென்றே தடித்த தகட்டில் கட்டிய படகு வேறு, மெல்லிய தகட்டில் ரிவெட் அடித்துக் கட்டிய படகு வேறு. இரண்டாவதில் ஒரு ரிவெட்டைச் சூடாக்கினால் தகடு விரிந்து சுருங்கும்போது பக்கத்து ரிவெட்டுகள் இளகுகின்றன. தகடுகளுக்கு இடையே தொழிற்சாலையில் வைத்த அடைப்புப் பசை எரிந்துபோகிறது. இங்கே கூடுதலாகச் சிலிக்கனும் பூசப்பட்டிருக்கிறது. அந்த அழுக்கின் மேல் வெல்ட் பிடிக்காது, நுண்துளைகள் விழும். மூன்று ஒழுக்கை மூடி ஆறு ஒழுக்கைத் திறந்த கதையாகிவிடும்.

தெற்குக் காற்று:

நான் சொன்னது பெரும்பாலும் தடித்த தகட்டுப் படகுகளின் அனுபவம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தகடு கிழிந்திருந்தாலோ விலா வெடித்திருந்தாலோ வெல்டிங் தவிர வேறு வழி இல்லையே?

அணியம்:

விலா வெடித்திருந்தால் வெல்டிங்தான், அதை மறுக்கவில்லை. தகட்டுக் கிழிசலுக்கு மேலே இன்னொரு தகட்டை வைத்து, இடையில் பசையிட்டு ரிவெட் அடிப்பதையே நான் விரும்புவேன். கரையானின் படகில் இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

தம்பி, இனி ஒழுக்குச் சோதனை. ட்ரெய்லரின் பலகைகளைப் புதிதாக்கிய பின்னரே இதைச் செய்யுங்கள். ட்ரெய்லரில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். படகுக்குள் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பதே இந்தச் சோதனை. தண்ணீரின் பாரத்தை யாரும் கணக்கிடுவதில்லை: 12 அடி நீளம், 4 அடி அகலம், 3 அங்குல ஆழம் என்றால் ஏறத்தாழ 340 லீற்றர், அதாவது 340 கிலோ. உங்கள் வெறும் படகின் எடையோ அதன் பாதியைக்கூட எட்டாது. ஆகவே அணியத்தைச் சற்று உயர்த்தி, அமரப்பகுதியில் மட்டும் ரிவெட் வரிசை மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள்; அடையாளமிட்டு வடித்த பின்னர், அமரத்தை உயர்த்தி முன்பகுதியைச் சோதியுங்கள். சிலிக்கன் முழுவதையும் சுரண்டி எடுத்த பின்னரே சோதனை. சிலிக்கன் மீது வேறெந்தப் பசையும் ஒட்டாது. அதன் மெல்லிய படலம் மிஞ்சினாலும் உங்கள் பசை உரிந்து வரும்.

சிம்கோக் கரையான்:

சோதனை முடிந்தது. கசிவு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: ட்ரெய்லரின் பழைய பலகைகள் முடிந்த அதே குறுக்குக் கோட்டில், இரு பக்கமும், மற்றது நடு இருக்கைக்குக் கீழே ஏராவை ஒட்டிய வரிசையில். முதலாவது இடத்தில் துளி துளியாக விழவில்லை, கோடாக வழிந்தது. அணியப் பகுதியில் ஒரு துளிகூட இல்லை. நீங்கள் ட்ரெய்லரைப் பற்றிச் சொன்னது அடித்தகட்டிலேயே எழுதியிருப்பதாகத் தோன்றியது.

அணியம்:

கோடாக வழிந்த இடத்தில் ரிவெட்டுகளை இறுக்கிப் பயனில்லை. அங்கே துளைகளே நீள்வட்டமாகியிருக்கும். அவற்றைத் துளைத்து எடுத்து, அடுத்த அளவில் புதிய திண்ம ரிவெட் போடுங்கள். மற்ற வரிசையில் இறுக்கினால் போதும். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கனமான எஃகுக் கட்டியை உட்புறத்தில் ரிவெட்டின் வால் மீது அசையாமல் பிடிக்க, மற்றவர் வெளியே தலைமீது தலையின் வடிவத்துக்கே குழிந்த உளியை வைத்து அடிக்க வேண்டும். புதிய ரிவெட்டின் வால், தகடுகளைக் கடந்து அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகத் தட்டையாகும். ரிவெட்டைப் போடுமுன் 3எம் 5200 போன்ற பொலியூரித்தேன் பசையில் தோய்த்தெடுங்கள். கை எட்டாத இடங்களில் மட்டும், முனை மூடிய, உள்ளூசியும் அலுமினியமாகவே உள்ள இழுப்பு ரிவெட்டைப் பயன்படுத்தலாம்.

எல்லாம் முடிந்தபின் உட்புற மூட்டுகளின் மேல் படகுக்கென உள்ள எபொக்சிப் பூச்சைப் பூசுவது நல்ல காப்பு. இளகிய ரிவெட்டை இறுக்காமல் அதன்மேல் பூசுவது மட்டும் வீண். தகடு அசையும்வரை பூச்சு வெடித்துக்கொண்டே இருக்கும்.

நெய்தல்:

வணக்கம். இருக்கைக்குள் உள்ள நுரை கனமாக இருக்கிறது என்று முதலில் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லையே என்று எழுதுகிறேன். நுரை நீரை உறிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஆனால் அதே கனஅளவுக்குப் புதிய நுரையை வைக்காமல் இருக்கையை மூடாதீர்கள். இடம் மிச்சமாகிறது என்று நுரையை எடுத்துவிட்டுப் பொருட்பெட்டியாக்குபவர்கள் இருக்கிறார்கள். படகு நீர் நிரம்பினாலும் அதை மேலே வைத்திருப்பது அந்த நுரைதான். சிம்கோ போன்ற ஏரியில், ஏப்ரல் மாதக் குளிர்நீரில், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்ள முடிவதும் முடியாமற்போவதும் உயிர்ப் பிரச்சினை. நுண்ணறைகள் மூடிய பொலிஸ்டைரீன் பலகைகளை வெட்டி அடுக்கினால் பின்னொரு நாள் எடுத்துப் பார்க்கவும் வசதி.

மின்வேலை என் தொழில் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லர் விளக்குக்கு வழமையான நான்கு வயர்கள்: வெள்ளை நில இணைப்பு, மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஒரு விளக்கு மட்டும் எரிவதற்கு மிகப்பெரும்பாலும் நில இணைப்பே காரணம். துருப்பிடித்த சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுங்கள். நீர்புகா எல்இடி விளக்குகளாகப் போடுங்கள்.

படகுக்குள் நேர்மாறான எச்சரிக்கை: அலுமினிய உடலை ஒருபோதும் நில இணைப்பாகப் பயன்படுத்தாதீர்கள். ஒழுகும் மின்னோட்டம் தகட்டைத் தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் இரு வயர்களும் பற்றரிவரை போக வேண்டும். நேர்முனை வயரில் ஃபியூஸ் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு வயரே நல்லது.

சிம்கோக் கரையான்:

நன்றி அக்கா. அணியத்தில் 55 இறாத்தல் உந்துவிசை உள்ள மின்மோட்டரும் வைக்க எண்ணுகிறேன். பற்றரியை எங்கே வைப்பது?

நெய்தல்:

அந்த மோட்டர் முழுவேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் எடுக்கும். 60 அம்பியர் பிரேக்கர் போடுங்கள். 10 அடித் தூரம்வரை 6ஆம் இலக்க வயர் போதும், அதைத் தாண்டினால் இன்னும் தடித்த 4ஆம் இலக்கம். பற்றரியை நடு இருக்கைக்கு அருகில், பெட்டிக்குள், பட்டியால் கட்டி வையுங்கள். அமரத்தில் ஏற்கெனவே மோட்டரும் எரிபொருள் தாங்கியும் நீங்களும் இருப்பீர்கள்.

அணியம்:

பற்றரியின் இடம் ட்ரெய்லரையும் பாதிக்கும், அதனால் நெய்தல் சொன்னதை ஒட்டியே எழுதுகிறேன். படகு, மோட்டர், பற்றரி, எரிபொருள், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து உங்களுக்கு 360 கிலோ அளவில் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 கிலோவை ஒட்டி, ட்ரெய்லரின் ஏர்க்கால் முனையில், அதாவது காரோடு இணையும் இடத்தில், இறங்க வேண்டும். குளியலறைத் தராசை மரக்கட்டை மீது வைத்து, இணைப்பு உயரத்திலேயே நிறுத்தி அளந்துவிடலாம். அதைவிட மிகக் குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சரிசெய்ய, படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தை முன்னே பின்னே நகர்த்தினால் படகும் நகர்ந்து அமரம் மீண்டும் பலகையை விட்டு வெளியே போய்விடும்; ஆகவே முதலில் அமரத்தைப் பலகையின் முனையோடு பொருத்தி, வின்ச் கம்பத்தை அதற்கேற்ப நிறுத்தி, பிறகு பாரம் போதாவிட்டால் அச்சை யூ-போல்ட் தளர்த்தி நகர்த்துங்கள். வின்ச் பட்டி மட்டும் படகைப் பிடிக்காது: அமரத்தின் இரு வளையங்களிலிருந்தும் பட்டி, அணியத்தில் தனிச் சங்கிலி.

ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்குத் தனி இலக்கத்தகடு வேண்டும். காரோடு இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்க வேண்டும் என்பதால் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ட்ரெய்லர்களுக்கே பிரேக் தேவை. 10 குதிரைவலுவுக்குக் குறைந்த மோட்டர் என்பதால் உங்கள் படகுக்கு உரிம இலக்கம் தேவையில்லை. ஆனால் எந்த மோட்டர் ஆனாலும் ஓட்டுபவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், ஏரியை விட்டு வீதிக்கு ஏறுமுன் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசியை நீக்கவேண்டும் என்பதும் இங்கு சட்டம். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஏரிக்கு ஏரி பரவாமலிருக்க இது தேவை.

சிம்கோக் கரையான்:

படகை நீரில் இறக்கிப் பார்த்துவிட்டோம். அமரக் கோட்டில் ஒரு துளியும் இல்லை. நடு இருக்கைக்குக் கீழே, ஏரா வரிசையில், இன்னமும் மெல்லிய ஈரம் தெரிகிறது; மாலைவரை நின்றும் கடற்பஞ்சால் ஒரே தடவையில் ஒற்றி எடுக்கும் அளவுதான். வீட்டுக்கு வந்ததும் இரு ஹப்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, இரண்டும் ஒரே அளவு. இந்தக் கசிவை உடனே திறந்து பார்க்க வேண்டுமா, பருவம் முடியட்டுமா?

அணியம்:

பருவம் முடியட்டும். அந்த இடத்தை வெளிப்புறத்தில் நிறக்கோலால் அடையாளமிட்டு, ஈரம் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூடினால் அந்த வரிசையைத் துளைத்து மாற்றலாம். சக்கர நட்டுகளை அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள், புதிதாகக் கழற்றிப் போட்டவை சற்றுத் தளரும்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது மோட்டரைப் பின்பலகையிலிருந்து இறக்கி வையுங்கள். வடிகால் அடைப்பைக் கழற்றி, ஏர்க்காலை உயர்த்தி, அமரம் தாழ்ந்திருக்குமாறு நிறுத்துங்கள். மூடிய தார்ப்பாயின் பள்ளங்களில் தேங்கும் பனியைத் தட்டிவிடுங்கள். அச்சுக்குக் கீழே கட்டைகளை வைத்து ரயர்களின் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் சட்டத்தின் பின்முனைக்கும் இரண்டு கட்டைகளைக் கொடுங்கள், அந்தப் பலகைகளின் கடைசி ஒரு சாண் தொங்கக்கூடாது.

நெய்தல் சொன்ன நுரையை அடுக்கியாயிற்றா என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

சிம்கோக் கரையான்:

அடுக்கிவிட்டேன் அண்ணா. பழைய நுரையை நிறுத்துப் பார்த்தபோது மூன்று இருக்கைகளிலிருந்தும் எடுத்தது ஒருவர் தூக்கச் சிரமப்படும் பாரமாக இருந்தது. புதியதை ஒரு கையாலேயே கொண்டுவந்து வைத்தேன். இருக்கையின் மேல்மூடியை ரிவெட் அடிக்காமல் திருகாணியால் பொருத்தியிருக்கிறேன், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் எண்ணத்தில்.